18 இன்ச்சா 20 இன்ச்சா? ரிம் நம்பரை விடுங்க, சைடுவாலைப் பாருங்க

கேள்வி இதுதான்: ஒரு சொகுசு செடான் வாங்கப் போறீங்க, 18 இன்ச் வீல் ஸ்டாண்டர்டா வருது, 20 இன்ச் ஆப்ஷன்ல இருக்கு, பார்க்க 20 தான் அம்சமா இருக்கு, ஷோரூம்ல "ஏர் சஸ்பென்ஷன் இருக்கு சார், எந்த வீல் போட்டாலும் ஒரே மாதிரிதான் போகும்"னு சொல்லிட்டாங்க, பின்சீட்ல பெரும்பாலும் இடுப்பு வலி இருக்கிற அம்மாதான் உட்காருவாங்க, நிஜமாவே வித்தியாசம் தெரியாதான்னு கேட்டிருக்கீங்க.

தெரியும்ங்க, நல்லாவே தெரியும், அதுவும் ஓட்டுறவரை விட பின்னாடி உட்காருறவங்களுக்கு இன்னும் அதிகமா தெரியும். ஏர் சஸ்பென்ஷன், அதாவது கம்பிச் சுருளுக்குப் பதிலா காத்து அடைச்ச பை காரைத் தாங்குறது, அருமையான விஷயம், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அது செய்ற வேலை வேற, டயர் செய்ற வேலை வேற, ஒண்ணோட வேலையை இன்னொண்ணு எடுத்துச் செய்ய முடியாது. கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா ரிம் சைஸ்ங்கற ஒரே நம்பரை வெச்சு பேசுறப்போ ரெண்டு பக்கமும் தப்பாப் போயிடுது, "பெரிய வீல்னாலே குலுக்கும்"னு சொல்றதும் முழுசா சரி கிடையாது.

முதல்ல டயர் மேல எழுதியிருக்கிறதப் படிக்கணும். 245/45 ஆர்18னு இருந்தா, 245ங்கறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. அடுத்து வர்ற 45 மில்லிமீட்டர் இல்ல, சதவீதம், அதாவது அகலத்துல 45 சதவீதம்தான் சைடுவாலோட உயரம், கணக்குப் போட்டா 110 மிமீ வரும். சைடுவால்னா ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல தெரியுற டயரோட பக்கச் சுவர். 18ங்கறது ரிம்மோட விட்டம், இன்ச்ல. எல்லாரும் கடைசி நம்பரைத்தான் பார்ப்பாங்க, ஆனா உங்க அம்மா இடுப்புக்கு சம்பந்தப்பட்ட நம்பர் அந்த 110 தான், அதை டயர்ல எங்கயும் நேரடியா போட மாட்டாங்க, நாமதான் பெருக்கிப் பார்த்துக்கணும்.

ஒரு உதாரணம் பாருங்க. 2010ல வந்த எஃப்10 தலைமுறை பிஎம்டபிள்யூ 5 சீரிஸுக்கு 17 இன்ச்ல 225/55, 18ல 245/45, 19ல 245/40, 20ல முன்னாடி 245/35ன்னு டயர் போட்டாங்க. நாலோட மொத்த உயரமும் கிட்டத்தட்ட 678, 679 மிமீ தான், ஒரு மிமீ முன்னப்பின்ன, ஏன்னா மொத்த உயரம் மாறினா ஸ்பீடோமீட்டர்லேர்ந்து ஏபிஎஸ் வரைக்கும் எல்லாக் கணக்கும் மாறிடும், வீல் ஆர்ச்லயும் இடிக்கும். அப்போ ரிம் பெருசாக ஆக அந்த இடத்தை யாராவது விட்டுக் கொடுக்கணும்ல, விட்டுக் கொடுக்கிறது ரப்பரும் உள்ள இருக்கிற காத்தும்தான். சைடுவால் 17ல 124 மிமீ, 18ல 110, 19ல 98, 20ல 86. நீங்க கேட்கிற 18க்கும் 20க்கும் நடுவுல 24 மிமீ போச்சு.

24 மிமீ தானேன்னு தோணும், எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் தோணுச்சு. ஆனா அந்த 110லயும் 86லயும் முழுசா அமுங்கக்கூடிய இடம்னு நினைச்சுடாதீங்க. ரிம்மோட விளிம்பு மேல எழும்பி நிக்கிறது ஒரு 17 மிமீயைத் தின்னுடும். ரோட்டுப் பக்கம் ட்ரெட்டும் அதுக்குக் கீழ இருக்கிற ஸ்டீல் பெல்ட்டும் சேர்ந்து 12, 13 மிமீ. கார் சும்மா நிக்கிறப்போவே அதோட பாரத்துல டயர் ஒரு 20 மிமீ அமுங்கித்தான் இருக்கும். இதையெல்லாம் கழிச்சா குழி வர்றப்போ அமுங்க மிச்சம் இருக்கிறது 18 இன்ச்ல தோராயமா 60 மிமீ, 20 இன்ச்ல 36 மிமீ. ரிம்முல ரெண்டே இன்ச் கூடினதுக்கு, நிஜமா உபயோகப்படுற மெத்தை நாப்பது சதவீதம் காணாமப் போகுது. ரெண்டு காரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, தரையைத் தொடுற இடத்துல ரிம் விளிம்புக்கும் தரைக்கும் நடுவுல விரலை அடுக்கி வெச்சுப் பாருங்க, அப்போதான் இது உறைக்கும்.

இப்போ அந்த ஏர் சஸ்பென்ஷன் விஷயத்துக்கு வர்றேன். கார் ரைடுங்கறது ஒரே விஷயம் இல்ல, ரெண்டு. ரோடு அலை அலையா ஏறி இறங்குறப்போ, ஒரு மேடு தாண்டுறப்போ, பாடி மொத்தமும் மெதுவா மேல போய்க் கீழ வருமே, அது செகண்டுக்கு ஒரு தடவை, ஒன்றரை தடவை நடக்கிற அசைவு, இன்ஜினியருங்க இதை பிரைமரி ரைடுன்னு சொல்லுவாங்க. ஏர் ஸ்பிரிங், ரோட்டுக்குத் தக்கபடி இறுக்கத்தை மாத்திக்கிற ஷாக் அப்சார்பரான அடாப்டிவ் டேம்பர் எல்லாம் இதுல ராஜா. இன்னொண்ணு செகண்டரி ரைடு, பாலத்துல வர்ற இணைப்பு, ஒட்டுப் போட்ட ரோடு, பேந்துபோன தார், சின்னச் சின்னக் குழி, இதெல்லாம் தர்ற டக் டக் தொம் தொம். இது செகண்டுக்கு பத்துலேர்ந்து பல பத்து தடவை வர்ற அதிர்வு. மனுஷ உடம்பு மேலயும் கீழயும் ஆடுறதுல 4லேர்ந்து 8 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 4லேர்ந்து 8 தடவை, வரைக்கும் தான் ரொம்ப சென்சிட்டிவ்வா இருக்கும், வீலும் ஆக்சிலும் தன்னால குதிக்கிறது 10லேர்ந்து 15 ஹெர்ட்ஸ்ல, ரெண்டும் எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு பாருங்க. இந்த செகண்டரி ரைடுல முதல் அடியை வாங்குறது டயர், அடுத்து சஸ்பென்ஷன் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ், அதுக்கு அப்புறம்தான் ஸ்பிரிங்கும் டேம்பரும்.

ஒரு குழியோட கூர்மையான விளிம்பு 60 கிமீ வேகத்துல எப்படி வந்து அடிக்குதுன்னு பார்ப்போம். அந்த வேகத்துல கார் செகண்டுக்கு 16.7 மீட்டர் போகுது. டயர் தரையைத் தொடுற இடம் 15 செமீ நீளம்னு வெச்சுக்குங்க, விளிம்பு அதைக் கடந்து போறதுக்கு ஆகுற நேரம் வெறும் 9 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. நல்ல அடாப்டிவ் டேம்பர்லயும் வால்வு மாற கிட்டத்தட்ட அந்த அளவு நேரமாவது ஆகும், ஏர் ஸ்பிரிங்குக்குள்ள காத்தை ஏத்தி இறக்குறதெல்லாம் இன்னும் எவ்வளவோ மெதுவான சமாச்சாரம். அதனால அந்த 9 மில்லிசெகண்ட்ல ரப்பர் எவ்வளவு வளைஞ்சு கொடுத்துச்சோ அவ்வளவுதான் உங்களுக்கு லாபம். 2013ல மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல மேஜிக் பாடி கண்ட்ரோல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ரெண்டு கண்ணு வெச்ச கேமரா முன்னாடி 15 மீட்டர் வரைக்கும் ரோட்டைப் படிச்சு சஸ்பென்ஷனைத் தயார் பண்ணும், அற்புதமான வேலை, ஆனா அதுகூட அலைக்கும் மேட்டுக்கும் தான் பெருசா உதவும், கூரான விளிம்புக்கு டயரை விட்டா வேற ஆள் இல்ல.

இன்னொரு விஷயம், டயரும் ஒரு ஸ்பிரிங்தான், ஆனா ரொம்ப கெட்டியான ஸ்பிரிங். சொகுசு கார்ல சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஒரு மிமீ அமுங்க வீல்கிட்ட 20லேர்ந்து 30 நியூட்டன் விசை போதும், டயர் ஒரு மிமீ அமுங்க 200லேர்ந்து 300 நியூட்டன் வேணும். பத்து மடங்கு கெட்டி. சைடுவாலைக் குறைக்கக் குறைக்க, அகலத்தைக் கூட்டக் கூட்ட அது இன்னும் கெட்டியாகும்.

அப்புறம் எடை. ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற எடை, அதாவது வீல், டயர், பிரேக், ஹப், இதெல்லாம் எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு சுலபமா சஸ்பென்ஷன் அதை அடக்கி வைக்கும். பெரிய ரிம்னா அதிக அலுமினியம், அதுவும் எடை வெளி விளிம்புப் பக்கம் தள்ளிப் போகுது, உருக்கி அச்சுல வார்த்த காஸ்ட் அலாய்ல 18லேர்ந்து 20க்குப் போறப்போ ஒரு வீலுக்கு ரெண்டு மூணு கிலோ கூடுறது சகஜம். ரோட்டுல ஒரு அடி வாங்கினதும் வீல் குதிச்சுட்டு உடனே அடங்காம ஒரு சின்ன நடுக்கம் மிச்சம் இருக்குமே, சீட்டுக்கு அடியில ஏதோ தளதளன்னு இருக்கிற மாதிரி, அது இதோட வேலைதான். அழுத்தி அடிச்சு செய்ற ஃபோர்ஜ்டு வீல் போட்டா இந்த எடையைக் கொஞ்சம் திருப்பி வாங்கலாம், ஆனா சைடுவால் உயரத்தை எந்த ஃபோர்ஜிங்கும் திருப்பித் தராது.

இப்போ "பெரிய வீல்னாலே குலுக்கும்"னு சொல்றது ஏன் தப்புன்னு பார்ப்போம், இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 2003ல வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் மிஷ்லினோட பாக்ஸ் (PAX)ங்கற, காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர்ல வந்துச்சு, சைஸ் 265/790 ஆர்540, இதுல 540ங்கறது ரிம் விட்டம் மிமீல, அதாவது 21 இன்ச்சுக்கு மேல. 21 இன்ச் ரிம்னதும் கட்டை வண்டி மாதிரி இருக்கும்னு நினைப்போம், ஆனா மொத்த உயரம் 790 மிமீ, சைடுவால் 125 மிமீ, நம்ம உதாரணத்துல 17 இன்ச்ல இருந்ததை விட அதிகம். 2017ல வந்த அடுத்த ஃபேன்டம்லயும் முன்னாடி 255/50 ஆர்21, சைடுவால் 127 மிமீ. ரேஞ்ச் ரோவர்ல இப்போ 23 இன்ச் வரைக்கும் வருது, 285/40 ஆர்23, கேட்டாலே பயமா இருக்கும், ஆனா சைடுவால் 114, உங்க 18 இன்ச் செடானை விட அதிகம். அதாவது அவங்க ரிம்மைப் பெருசாக்கினப்போ ரப்பரைத் திருடலை, மொத்த டயரையே பெருசாக்கிட்டாங்க. மொத்த உயரம் அதிகமா இருந்தா இன்னொரு லாபமும் இருக்கு, பெரிய வட்டம் குழிக்குள்ள குறைவா இறங்கும், விளிம்புல ஏறுறப்போ சரிவும் குறைவா இருக்கும். சூட்கேஸ் சக்கரம் ஒரு சின்னக் கல்லுல மாட்டி நின்னுடும், சைக்கிள் சக்கரம் அதே கல்லைக் கண்டுக்காமப் போயிடும், அதே கதைதான்.

பழைய கார்களைப் பார்த்தாலும் இதேதான். 90கள்ல வந்த மெர்சிடிஸ் டபிள்யூ140 எஸ் கிளாஸ் 235/60 ஆர்16ல ஓடுச்சு, சைடுவால் 141 மிமீ. அதுக்கும் முன்னாடி 1955ல வந்த சிட்ரோயன் டிஎஸ், எண்ணெயும் காத்தும் சேர்ந்த சஸ்பென்ஷனுக்காக இன்னைக்கும் பேசப்படுற கார், அது கூட ஒல்லியான உயரமான டயர்லதான் போச்சு, முன்னாடி வெறும் 165 மிமீ அகலம். அந்த மெத்துன்னு போறதுக்கு முழுப் பேரும் சஸ்பென்ஷனுக்கே போயிடுச்சு, டயரையும் சேர்த்துப் பாராட்டணும்னு நான் நினைக்கிறேன்.

ஆக உங்களுக்கு நான் சொல்ற அளவுகோல் ரிம் இன்ச் இல்ல, சைடுவால் மிமீ. என் அனுபவத்துல செடான்ல 110க்கு மேல இருந்தா நிம்மதி, 100 பக்கத்துல இருந்தா ரோடு நல்லா இருக்கிற இடத்துல சமாளிச்சுக்கலாம், 90க்குக் கீழ போனா சொகுசு கார்னு சொல்லி வாங்கினதோட அர்த்தமே குறைஞ்சு போகுது. ஒரே கார்ல ஒரே வாரத்துல 20ஐக் கழட்டிட்டு 18 போட்டு ஓட்டிப் பார்த்திருக்கேன், ஹைவேல 100ல போறப்போ பெருசா வித்தியாசம் தெரியலை, ஆனா ஒட்டுப் போட்ட ஒரு சந்துல 30ல போனப்போ அதே காரான்னு கேட்கத் தோணுச்சு, 20ல கதவுப் பாக்கெட்ல இருந்த தண்ணி பாட்டில் தடதடன்னு ஆடிக்கிட்டே வந்துச்சு, 18ல அந்தச் சத்தமே இல்ல. அதே 20 இன்ச் டயர்ல அதுக்கு முன்னாடி ஒரு குழில இறங்கி சைடுவால்ல ஒரு எலுமிச்சங்காய் சைஸுக்கு வீங்கிடுச்சு, உள்ள நூல் அறுந்துபோனா அப்படித்தான் வீங்கும், அது வந்துட்டா டயரை மாத்தியே ஆகணும், ஒட்டுப் போடுற விஷயமே இல்ல. 36 மிமீ தான் இடம்னா குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல ரப்பர் நசுங்குறது எவ்வளவு சுலபம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ரிம் சைஸைத் தாண்டியும் சில விஷயம் இதே அளவுக்கு ஆட்டையைக் கலைக்கும். முதல்ல ரன்ஃப்ளாட் டயர். காத்து மொத்தமும் போனாலும் கொஞ்ச தூரம் ஓடணும்னு சைடுவாலை நல்லா தடிமனா பண்ணியிருப்பாங்க, அதனால காத்து இருக்கிறப்போவும் அது முரட்டுத்தனமாத்தான் இருக்கும். இப்போ வர்றதெல்லாம் பழசுக்கு எவ்வளவோ பரவாயில்ல, ஆனாலும் குறைஞ்ச சைடுவாலும் ரன்ஃப்ளாட்டும் சேர்ந்துட்டா அது ரெண்டு கஷ்டம் ஒண்ணா வந்த மாதிரி. 18 ரன்ஃப்ளாட்டுக்கும் 19 சாதாரண டயருக்கும் நடுவுல தேர்ந்தெடுக்கச் சொன்னா நான் ரெண்டாவதை ஓட்டிப் பார்க்காம ஒதுக்க மாட்டேன்.

அடுத்தது காத்து. காரோட எடையைத் தாங்குறது ரப்பர் இல்ல, உள்ள இருக்கிற காத்து. சைடுவால் குறைஞ்சா காத்து பிடிக்கிற இடமும் குறையுது, ஆனா காரோட எடை அப்படியேதான் இருக்கு, அதனால சின்ன சைடுவால் டயர் பெரும்பாலும் எக்ஸ்எல்னு சொல்ற கெட்டியான கட்டமைப்புல வரும், அழுத்தமும் அதிகமா கேட்கும். சாதாரண டயர் தன்னோட முழு பாரத்தை 250 கேபிஏல (கிலோபாஸ்கல், காத்தழுத்தத்தோட அளவு) தாங்குதுன்னா, எக்ஸ்எல் 290 கேபிஏ வரைக்கும் போகும், அதாவது 36 பிஎஸ்ஐக்கும் 42க்கும் உள்ள வித்தியாசம். பேட்டரி கார்னா எடை இன்னும் அதிகம், அதுல இந்தப் பிரச்சினை இன்னும் தூக்கலா தெரியும்.

சத்தத்தையும் சொல்லணும், சொகுசுங்கறதுல பாதி காது தானே. டயருக்குள்ள இருக்கிற காத்து வளையம் 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல தன்னால ஒரு ரீங்காரம் போடும், அடி பலமா விழ விழ அது கூடும், மோசமான ரோட்டுல ஊஊன்னு கேட்குமே அதுதான். இதுக்காகத்தான் கான்டினென்டல், பிரெல்லி, மிஷ்லின் எல்லாரும் டயருக்கு உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டின மாடல் விக்கிறாங்க, ரோல்ஸ் ராய்ஸும் ஃபேன்டம்ல அந்த மாதிரி ஃபோம் டயர்தான் போடுது. பெரிய வீல் கூடவே அகலமான டயரும் வந்தா ரோட்டுச் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடும்.

பெரிய வீலுக்கு நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். பெரிய பிரேக் டிஸ்க் உள்ள உட்கார இடம் வேணும், பவர் அதிகமான மாடல்ல 18 இன்ச் வீல், டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் கேலிப்பர் மேல ஏறவே ஏறாது. ஸ்டியரிங் திருப்பினதும் கார் டக்குனு கேட்கும், ஏன்னா சைடுவால் வளைஞ்சு நேரம் கடத்துறதில்ல. கண்ணாடி மாதிரி ரோட்டுல மட்டும் ஓட்டுறவர்னா 20 அவருக்கு நல்லாவே இருக்கும். இன்னொண்ணு, கம்பெனி ஒவ்வொரு மாடலையும் ஏதோ ஒரு சைஸை மனசுல வெச்சுத்தான் டியூன் பண்ணும், சில கார்ல நடு சைஸ்தான் சரியா உட்காரும், அதைவிடச் சின்னதுல கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். அதனாலதான் பேப்பர்ல கணக்குப் போட்டு முடிவு பண்ணாம ஓட்டிப் பார்க்கச் சொல்றேன்.

ஓட்டிப் பார்க்கிறப்போ சில விஷயம் கவனிங்க. நீங்க வாங்கப் போற அதே சைஸ் வீல்ல டெஸ்ட் டிரைவ் கேளுங்க, 18 புக் பண்ணப் போறவருக்கு 20 போட்ட டெமோ கார் கொடுத்தா அதுல ஒண்ணும் தெரியாது. கிளம்புறதுக்கு முன்னாடி காத்து செக் பண்ணுங்க, புதுக் காரை லாரில ஏத்தி அனுப்புறப்போ காத்தை அதிகமா வெச்சு அனுப்புவாங்க, டெலிவரிக்கு முன்னாடி குறைக்க மறந்துட்டா நல்ல கார் கூட கல்லு மாதிரி போகும். டிரைவர் பக்கக் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ரெண்டு அளவு இருக்கும், பாதி லோடுக்கு ஒண்ணு, முழு லோடுக்கு ஒண்ணு, ரெண்டு மூணு பேர்தான் போறீங்கன்னா முதல் அளவு போதும், அதுவும் டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பார்க்கணும். ஸ்டிக்கர்ல இருக்கிறதுக்குக் கீழ மட்டும் சொகுசுக்காக இறக்காதீங்க, சின்ன சைடுவால்ல அது ரிம்முக்கும் ஆபத்து, டயர் சூடாகி வெடிக்கவும் வாய்ப்பிருக்கு. அப்புறம் ஹைவேக்குப் போகாதீங்க, மோசமான ரோட்டுல 30, 40ல போங்க, அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போய் அவங்க வழக்கமா உட்காருற இடத்துலயே உட்கார வைங்க, நீங்களும் ஒரு பத்து நிமிஷம் வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு பின்னாடி உட்காருங்க.

ஒருவேளை 20 போட்ட காரே கிடைச்சு வாங்கிட்டீங்கன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகலை, அப்புறமா 18 இல்லன்னா 19க்கு இறங்கலாம். கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுத்திருக்கிற சைஸ்ல ஒண்ணை எடுங்க, மொத்த உயரம் மாறக்கூடாது, ஆல் வீல் டிரைவ்னா இதுல இன்னும் கறாரா இருங்க. லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற நம்பர், குறையக்கூடாது, ரிம் எவ்வளவு உள்ள தள்ளி உட்காருதுன்னு சொல்ற ஆஃப்செட்டும் போல்ட் இடைவெளியும் நடு ஓட்டையும் பொருந்தணும், பிரேக் மேல இடிக்காம சுத்துதான்னு வீலை மாட்டிக் கையால சுத்திப் பார்க்கணும், டயர் பிரஷர் சென்சாரையும் மாத்தணும். டயர் எடுக்கிறப்போ பெர்ஃபார்மன்ஸ் டயர் வேண்டாம், சொகுசுக்காகவே செய்ற டூரிங் டயரா எடுங்க, ஒரே சைஸ்ல ரெண்டு டயருக்கு நடுவுலயே அரை இன்ச் சைடுவால் கூடின அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

புக் பண்றதுக்கு முன்னாடி டீலர்கிட்ட முன் டயர் சைஸ், பின் டயர் சைஸ் ரெண்டையும் எழுதி வாங்கிக்குங்க, "20 இன்ச்"னு மட்டும் சொன்னா விட்டுடாதீங்க. நிறைய சொகுசு செடான்ல 20 இன்ச்னா பின்னாடி இன்னும் அகலமான டயர் வரும், நான் மேல சொன்ன 5 சீரிஸ்ல அது 275/30 ஆர்20, பெருக்கிப் பார்த்தா சைடுவால் 82 மிமீ தான், முன்னாடி இருக்கிறதை விடவும் குறைவு, அம்மா உட்காருற சீட் அந்த ஆக்சில் பக்கத்துலதான் இருக்கு.